கருப்பு வெள்ளை சினிமா நெகட்டிவை ஸ்டில் கேமராவில் பயன்படுத்துதல்: டபுள்-எக்ஸ் 5222 குறித்து

புதுச்சுருள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஒளிப்பதிவுத் துறையில் பணிபுரியும் என் மாமா, ஒரு படப்பிடிப்பில் மிஞ்சிய ஈஸ்ட்மன் டபுள்-எக்ஸ் 5222 கருப்பு வெள்ளை நெகட்டிவ் டப்பா ஒன்றை, முத்திரை பிரிக்காமல், எனக்குத் தந்திருக்கிறார். 400 அடி. இரண்டு ஆண்டுகளாக ஸ்டில் பிலிம்களை வீட்டிலேயே டி-76 டெவலப்பரில் கழுவி, சிறிய என்லார்ஜரில் (நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழச்செய்யும் கருவி) பிரிண்ட் போட்டு வருகிறேன். சினிமா பிலிமை இதுவரை தொட்டதில்லை.

எனக்குச் சில ஐயங்கள் உள்ளன. இதன் ஓரத்துளைகள் ஸ்டில் கேமராவின் பற்சக்கரத்தில் சரியாக அமருமா? சினிமா பிலிமின் பின்புறம் ஒரு கரிப்பூச்சு இருக்கும், அதைத் தனியாக நீக்க வேண்டும் என்கிறார்களே, இதற்கும் அது உண்டா? எல்லாவற்றையும்விட என்னை அதிகமாக உறுத்துவது மூன்றாவது ஐயம்: சினிமா நெகட்டிவ் இயல்பிலேயே கான்ட்ராஸ்ட் (ஒளிக்கும் நிழலுக்கும் உள்ள வேறுபாடு) குறைந்தது, அதைத் தாளில் பிரிண்ட் போட்டால் சாம்பல் பூத்தது போல் மங்கலாக வரும் என்று பல இடங்களில் படித்தேன். அது உண்மையானால் இத்தனை அடி பிலிமைப் பாழாக்க எனக்கு மனமில்லை. வேறு யாருக்காவது பயன்படட்டும் என்று கொடுத்துவிடுவேன். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

துளைக்கணக்கு எழுதியது:

முதல் ஐயத்துக்கு நான் பதில் சொல்கிறேன். சினிமா பிலிம் ஸ்டில் கேமராவுக்குள் வந்த விருந்தாளி அன்று. அந்த வீடே அதற்காகக் கட்டப்பட்டது. லைக்கா கேமராவைச் செய்த லைட்ஸ் நிறுவனத்தில் ஆஸ்கர் பார்னாக் 1913-14 வாக்கில் செய்த முன்மாதிரிக் கேமரா, அன்றைக்கு எங்கும் கிடைத்த 35 மி.மீ. சினிமா பிலிமை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. சினிமாவில் பிலிம் மேலிருந்து கீழாக ஓடும். ஒரு சட்டத்துக்கு, அதாவது ஒரு படத்துக்கு, நான்கு துளைகள். படத்தின் அளவு 18 x 24 மி.மீ. பார்னாக் அதைக் கிடைமட்டமாக ஓடவிட்டு, எட்டுத் துளைகளுக்கு ஒரு சட்டம் என்று இரட்டிப்பாக்கியதில்தான் நாம் இன்றும் பயன்படுத்தும் 24 x 36 மி.மீ. சட்டம் பிறந்தது. 1925-இல் லைக்கா விற்பனைக்கு வந்தபோது, அதை வாங்கியவர்கள் இருட்டில் சினிமா பிலிமை வெட்டித் தங்கள் கேசட்டில் தாங்களே ஏற்றிக்கொண்டார்கள். ஆலையிலேயே ஏற்றி வரும் 135 கேசட்டைக் கோடாக் 1934-இல்தான் கொண்டுவந்தது. ஆகவே நீங்கள் செய்யப்போவது புதிய சோதனை அன்று. அந்தக் கேமராக்களின் முதல் பழக்கம் அதுவே.

துளைகளில் ஒரு சிறு வேறுபாடு உண்டு என்பதும் உண்மை. ஸ்டில் பிலிமில் இருப்பது கோடாக் ஸ்டாண்டர்டு எனப்படும் வட்டமுனைச் செவ்வகத் துளை. துளைக்குத் துளை 4.75 மி.மீ. தூரம். சினிமா நெகட்டிவில் இருப்பது பெல் அண்டு ஹவல் துளை. பக்கவாட்டில் வளைந்திருக்கும், உயரம் சற்றுக் குறைவு, இடைத்தூரம் 4.74 மி.மீ. இந்த நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வேண்டுமென்றே குறைக்கப்பட்டது. பிரிண்ட் எடுக்கும் இயந்திரத்தில் நெகட்டிவும் பிரிண்ட் பிலிமும் ஒட்டியபடி உருளையைச் சுற்றிப் போகும்போது உள்வட்டத்தில் இருக்கும் நெகட்டிவ் சிறிதளவு குட்டையாக இருந்தால்தான் இரண்டும் வழுக்காமல் சேர்ந்து போகும். ஸ்டில் கேமராவுக்கு இந்த வேறுபாடு ஒரு பொருட்டே இல்லை. கைவிசைக் கேமராக்களிலும் மோட்டார் கேமராக்களிலும் பல ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். ஒருமுறைகூடத் துளை கிழிந்ததில்லை.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஓர் அடியில் 64 துளைகள், அதாவது எட்டு ஸ்டில் சட்டங்கள். 36 படங்களுக்கு நாலரை அடி. முன்னும் பின்னும் விடும் நீளத்தையும் சேர்த்தால் ஐந்தேகால் அடி, ஏறக்குறைய 1.6 மீட்டர். உங்கள் டப்பாவில் 75 ரோல்கள் அடங்கும். திரைப்படக் கேமராவில் இதே 400 அடி நாலரை நிமிடத்துக்குள் ஓடி முடிந்துவிடும். நீங்கள் ஒரு கேசட்டில் ஏற்றும் நீளம் அங்கே மூன்றரை நொடி. ஒளிப்பதிவாளர் மூன்றரை நொடியில் கடந்துபோகும் பிலிமில் நமக்கு ஒரு முழுநாள் நடை அடங்குகிறது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பிலிமின் மேல் ஒரு மரியாதை வருகிறது.

வெள்ளியுப்பு எழுதியது:

கரிப்பூச்சு பற்றி: நீங்கள் படித்தது ரெம்ஜெட் எனப்படும் பூச்சு. அது வண்ணச் சினிமா நெகட்டிவ்களில் நெடுங்காலம் இருந்து வந்தது. டபுள்-எக்ஸில் அது கிடையாது. எமல்ஷனை, அதாவது ஒளியை உணரும் பூச்சைத், தாண்டிச் சென்ற ஒளி, பின்புறம் மோதித் திரும்பி வந்து, விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் உண்டாக்காமல் தடுக்க, டபுள்-எக்ஸின் அசிடேட் (ஒரு வகை பிளாஸ்டிக்) அடிப்படலத்துக்கே சாம்பல் நிறம் ஊட்டியிருக்கிறார்கள். இந்தச் சாயம் கழுவும்போது போகாது, போக வேண்டியதும் இல்லை. முதல் ரோலைக் கழுவியெடுக்கும்போது, ஓரங்களும் சட்டங்களுக்கு இடைப்பட்ட பகுதியும் நீங்கள் பழகிய ஸ்டில் பிலிமைவிடக் கருமையாகத் தோன்றும். அதைப் பார்த்துப் பிலிம் பழுதாகிவிட்டது என்றோ ஃபிக்சர் (பிம்பத்தை நிலைநிறுத்தும் கரைசல்) போதவில்லை என்றோ எண்ணி மறுபடி மறுபடி ஃபிக்சரில் போட்டவர்களை நான் அறிவேன். அது அடிப்படலத்தின் இயல்பான நிறம்.

டெவலப்பரைப் பொறுத்தவரை, ஆலை இந்தப் பிலிமுக்குப் பரிந்துரைப்பது டி-96. உங்கள் டி-76-க்கு அது ஒன்றுவிட்ட தம்பி. ஒரு லிட்டருக்கு டி-76-இல் மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம். டி-96-இல் மெட்டால் 1.5, சல்ஃபைட் 75, ஹைட்ரோகுவினோன் 1.5, போராக்ஸ் 4.5, அதனுடன் பொட்டாசியம் புரோமைடு 0.4 கிராம். ஹைட்ரோகுவினோன் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியிருப்பதைக் கவனியுங்கள். அதனால்தான் அதன் வேகம் சாந்தமாக இருக்கிறது. புரோமைடு, ஒளிபடாத இடமும் கருமையேறும் மூட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. இதற்காக டி-96-ஐத் தேடி அலைய வேண்டாம். கையில் உள்ள டி-76-ஐயே சம அளவு தண்ணீர் கலந்து பயன்படுத்துங்கள். நன்றாகப் பழகிய டெவலப்பரில் புதிய பிலிமைப் பார்ப்பதுதான் முறை. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எந்த மாற்றம் எதனால் வந்தது என்று பிரித்தறிய முடியாமல் போய்விடும்.

நிழற்கோடு எழுதியது:

நான் மாறுபட்ட கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். மூன்றாவது ஐயம் நியாயமானது என்றே எனக்குப் படுகிறது. சினிமா நெகட்டிவ் என்பது இறுதிப் படம் அன்று; மிகுந்த கான்ட்ராஸ்ட் கொண்ட பிரிண்ட் பிலிமுக்கு (அரங்கில் திரையிடும் பிரதிக்கான பிலிம்) மாற்றப்படுவதற்காகவே, அது திட்டமிட்டு மென்மையாகச் செய்யப்படுகிறது. நான் பயன்படுத்திய நான்கு ரோல்களும் மந்தமாகவே வந்தன. ஐ.எஸ்.ஓ. 400-இல் எடுத்து, கழுவும் நேரத்தைக் கூட்டியபோதுதான் ஓரளவு உயிர் வந்தது. தவிர, படத்தில் புள்ளிபுள்ளியாகத் தெரியும் வெள்ளித்துகளும் அதிகம். இந்தப் பிலிம் 1959-இல் அறிமுகமானது. அதற்குப் பின் வந்த தட்டைத்துகள் ஸ்டில் பிலிம்கள் இதைவிட நுண்மையானவை. ஸ்டில் படத்துக்கென்றே செய்த பிலிம் இருக்கும்போது, வேறு வேலைக்குச் செய்ததை எதற்காக வளைக்க வேண்டும்?

இருட்டறைவாசி எழுதியது:

நண்பர் நிழற்கோடு சொன்னதில் பாதி உண்மை. மறுபாதி பரவலாக நிலவும் ஒரு மயக்கம். இந்த மயக்கம் தீராமல் எவரும் இந்தப் பிலிமைச் சரியாகக் கழுவ முடியாது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

காட்சியில் ஒளி கூடக்கூட நெகட்டிவின் அடர்த்தி எந்த விகிதத்தில் ஏறுகிறது என்பதைக் குறிக்கும் எண்தான் காமா. ஒளி இரட்டிப்பானால், அதாவது ஒரு ஸ்டாப் கூடினால், மடக்கைக் கணக்கில் அது 0.3. காமா 0.55 உள்ள நெகட்டிவில் அந்த ஒரு ஸ்டாப் அடர்த்தியை 0.165 உயர்த்தும், 0.65 உள்ள நெகட்டிவில் 0.195 உயர்த்தும். வேறுபாடு அற்பமாகத் தோன்றலாம். ஆனால் நிழலிலிருந்து வெளிச்சம் வரை ஏழு ஸ்டாப் உள்ள ஒரு சாதாரண வெயில் காட்சியை எடுத்துக்கொண்டால், முதல் நெகட்டிவின் மொத்த வீச்சு 1.16-ஐ ஒட்டி நிற்கும், இரண்டாவது 1.37-ஐத் தொடும். நடுத்தர கிரேடு (தாளின் கான்ட்ராஸ்ட் அளவு) தாள் தாங்கக்கூடியது சுமார் 1.1. முதல் நெகட்டிவ் அந்தத் தாளில் ஏறக்குறைய அப்படியே அமர்ந்துவிடும். இரண்டாவதில் வானமோ வெள்ளைச் சட்டையோ வெறும் தாளாக வெளுத்துப்போகும், அல்லது அதைக் காப்பாற்றப்போய் நிழல்கள் அடைத்துக்கொள்ளும்.

இப்போது கேள்விக்கு வருவோம். கருப்பு வெள்ளைச் சினிமா நெகட்டிவை எந்தக் காமாவுக்குக் கழுவ வேண்டும் என்று ஆலை சொல்கிறது? 0.65 முதல் 0.70 வரை. ஸ்டில் பிலிமைத் தாளுக்காக நாம் கழுவுவது 0.55 முதல் 0.6 வரை. அதாவது, ஆலை சொன்ன முறையில் கழுவிய டபுள்-எக்ஸ், நம் வழக்கமான ஸ்டில் நெகட்டிவைவிடக் கான்ட்ராஸ்ட் கூடியதே தவிரக் குறைந்தது அன்று. சினிமா நெகட்டிவ் மென்மையானது என்னும் பேச்சு வண்ண நெகட்டிவிலிருந்து வந்தது. வண்ணச் சினிமா நெகட்டிவின் காமா உண்மையிலேயே தாழ்ந்தது. பேசுகிறவர்கள் இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பதால், ஒன்றின் குணம் மற்றொன்றின் தலையில் ஏற்றப்பட்டுவிட்டது.

பிரிண்ட் பிலிம் பற்றிச் சொன்னது சரிதான். அதன் காமா இரண்டுக்கும் மேல், நெகட்டிவின் 0.65-உடன் அது பெருகும்போது திரையில் ஏறக்குறைய ஒன்றரை வருகிறது. இருண்ட அரங்கில், சுற்றிலும் கருமை சூழ, ஒளிரும் திரையைப் பார்க்கும் கண்ணுக்கு அந்த ஒன்றரை வேண்டியிருக்கிறது. இல்லையென்றால் படம் வெளுத்துத் தெரியும். கையில் பிடித்து, அறை வெளிச்சத்தில் பார்க்கும் தாளுக்கு அது வேண்டாம். எனவே ஒரே நெகட்டிவை இரண்டு விதமான கண்களுக்காக இரண்டு விதமாகக் கழுவ வேண்டும் என்பதே இதன் சாரம். பிலிமின் குணம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி கழுவும் நேரத்தில்தான் இருக்கிறது.

அப்படியானால் நிழற்கோடு அவர்களின் நான்கு ரோல்கள் ஏன் மந்தமாக வந்தன? நான் நெகட்டிவைப் பார்க்கவில்லை. ஆனாலும் ஒரு கேள்வி கேட்கிறேன். அவை தாளில் போட்ட பிரிண்டுகளா, ஸ்கேனா? ஸ்கேனர், அடிப்படலத்தின் சாம்பலையும் சேர்த்துப் படித்து, அதையே கருமை என்று எடுத்துக்கொண்டால் எந்த நெகட்டிவும் மூட்டம் போட்டது போலத்தான் தெரியும். ஸ்கேனில் முழுக்கருப்பு எது என்று குறிக்கும் கருமைப் புள்ளியை அடிப்படலத்துக்கு நேரே நிறுத்திப் பாருங்கள்.

துகள் விஷயத்தில் நண்பரின் கூற்றை முழுமனத்துடன் ஏற்கிறேன். அதற்குக் காரணமும் அழகானது. திரையில் நொடிக்கு 24 படங்கள் மாறுகின்றன. ஒவ்வொரு சட்டத்திலும் வெள்ளித்துகள்கள் வெவ்வேறு இடத்தில் இருப்பதால் கண் அவற்றைச் சராசரியாக்கிக்கொள்கிறது; துகள் ஒரு மெல்லிய சலனமாக மட்டுமே உணரப்படுகிறது. ஸ்டில் படத்தில் அந்தச் சலனம் இல்லை. ஒரே சட்டத்தின் துகள் நிலைத்து நிற்கிறது. அதே வேளையில், நம் சட்டத்தின் பரப்பு பேசும்பட காலத்து அகாடமிச் சட்டத்தைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு பெரியது என்பதால் அத்தனை உருப்பெருக்கமும் நமக்குத் தேவைப்படுவதில்லை. எட்டுக்குப் பத்து அங்குலப் பிரிண்டில் இந்தத் துகள் எனக்கு அழகாகவே படுகிறது. முகத்தின் தோலிலும் சுண்ணாம்புச் சுவரிலும் அது தரும் பிடிப்பைத் தட்டைத்துகள் பிலிம்கள் எனக்குத் தந்ததில்லை. எதற்காக வளைக்க வேண்டும் என்ற கேள்விக்கு என்னிடம் உள்ள விடை இந்த ஒன்றுதான்.

புதுச்சுருள், உங்களுக்குச் செய்முறை: ஒரே காட்சியை, நிழலும் வெள்ளைத் துணியும் இருக்கும்படி அமைத்து, ஒரு ரோல் முழுதும் எடுங்கள். இருட்டில் மூன்றாக வெட்டி, டி-76 சம அளவு தண்ணீருடன், 20 டிகிரி செல்சியஸில், 8, 10, 12 நிமிடங்கள் கழுவுங்கள். பிறகு நடுத்தர கிரேடு தாளில், படம் இல்லாத ஓரப்பகுதி எத்தனை நொடியில் முழுக்கருப்பாகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். சாம்பல் அடிப்படலம் ஒளியைத் தடுப்பதால், நீங்கள் பழகிய நொடிகளைவிட இது கூடுதலாக இருக்கும். பழைய கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள். அந்த நொடிகளை மாற்றாமல் மூன்று நெகட்டிவ்களையும் பிரிண்ட் போட்டு, எதில் வெள்ளைத் துணியின் இழை தெரிகிறதோ அதுவே உங்கள் நேரம். இணையத்தில் கிடைக்கும் அட்டவணை எதுவும், என் எண்கள் உட்பட, தொடக்கப் புள்ளி மட்டுமே. ஆலையின் கழுவும் நேரங்களும், கரைசல் இடைவிடாமல் சுழலும் இயந்திரத்துக்காகச் சொல்லப்பட்டவை. நிமிடத்துக்கு ஒருமுறை கவிழ்த்து நிமிர்த்தும் நம் சிறிய டேங்குக்கு அவை பொருந்தா.

நிழற்கோடு எழுதியது:

விரிவான விளக்கத்துக்கு நன்றி. நான் பார்த்தவை ஸ்கேன்களே. பிரிண்ட் போட்டுப் பார்க்கவில்லை. நேற்றிரவு அந்த நெகட்டிவ்களை எடுத்துக் கருமைப் புள்ளியைத் திருத்திப் பார்த்தேன். மந்தம் என்று நான் எண்ணியதில் பெரும்பகுதி நீங்கிவிட்டது. நேரத்தைக் கூட்டிக் கழுவிய ரோலிலோ வெளிச்சப் பகுதிகள் உண்மையிலேயே அடைத்துப்போயிருக்கின்றன. அந்தக் கருத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஆயினும் ஒளிவட்டம் பற்றி என் குறை நிற்கிறது. சாம்பல் அடிப்படலம் இருந்தும், இரவில் தெருவிளக்கைச் சுற்றி ஸ்டில் பிலிமில் காணாத ஒரு பரவல் இதில் தெரிகிறது. அதை விரும்புகிறவர்கள் உண்டு, நான் விரும்பவில்லை.

வெள்ளியுப்பு எழுதியது:

அது உண்மையே, இரவுக் காட்சிக்கு இதை எடுப்பவர் அதை ஏற்றுக்கொண்டுதான் எடுக்க வேண்டும். இரவு என்றதும் வேகத்தைப் பற்றியும், அதாவது ஐ.எஸ்.ஓ. எண் குறிக்கும் ஒளியுணர்வைப் பற்றியும், சொல்லிவிடுகிறேன். டப்பாவின் மேல் பகலொளிக்கு 250, டங்ஸ்டன் ஒளிக்கு 200 என்று இரண்டு எண்கள் இருக்கும். கருப்பு வெள்ளைப் பிலிமுக்கு ஏன் இரண்டு எண் என்று குழம்ப வேண்டாம். டங்ஸ்டன் விளக்கின் ஒளியில் சிவப்பு மிகுதி, நீலம் குறைவு. இந்த எமல்ஷன் சிவப்பைச் சற்றுக் குறைவாகவே உணர்வதால் அங்கே ஒளி கொஞ்சம் கூடுதலாக வேண்டியிருக்கிறது. நான் பகலில் 200-இல்தான் எடுக்கிறேன். நிழலில் விவரம் பதியாமல் போய்விட்டால் கழுவும்போது எதையும் மீட்க முடியாது.

கையால் ஏற்றிய கேசட்டில் வேகத்தைக் கேமராவுக்குச் சொல்லும் டி.எக்ஸ். குறி இருக்காது. தானியங்கிக் கேமராக்கள் பல, குறி இல்லாவிட்டால் 100 என்று எடுத்துக்கொள்ளும். கையால் மாற்ற முடியாத கேமராவானால், குறியுள்ள பழைய கேசட்டையே மறுபடி பயன்படுத்துங்கள்.

துளைக்கணக்கு எழுதியது:

டப்பாவைத் திறப்பதற்கு முன் இதைப் படியுங்கள். இது இந்த விவாதத்தில் இதுவரை வராத பகுதி. 400 அடியும் பாழாவது இங்கேதான்.

உங்கள் பிலிம் பிளாஸ்டிக் நடுவளையத்தில் சுற்றி, கருப்புப் பையில் இருக்கும், பக்கத்தட்டுகள் இருக்காது. நடுவில் விரலால் தாங்காமல் தூக்கினால் உட்சுற்று நழுவிக் கூம்பாக இறங்கிவிடும். முழு இருட்டில், தரையில் நழுவிய 400 அடியைத் திரும்பச் சுற்றும் வேதனையை நான் ஒருமுறை பட்டிருக்கிறேன். முக்கால் மணி நேரம் பிடித்தது, பாதிக்கு மேல் கீறல். ஸ்டில் பிலிமுக்கான பல்க் லோடர் (நீண்ட சுருளிலிருந்து கேசட்டில் பிலிம் ஏற்றும் பெட்டி) 100 அடியை மட்டுமே கொள்ளும். எனவே முதல் வேலை, முழு இருட்டில் 400 அடியை நான்கு பகுதிகளாகப் பிரித்துத் தனித்தனி நடுவளையங்களில் சுற்றுவது. எமல்ஷன் உட்பக்கமாகவே இருக்க வேண்டும். மெதுவாகச் சுற்றுங்கள். வறண்ட நாளில் வேகமாக இழுத்தால் நிலைமின் பொறி பறந்து, கழுவிய பின் மரக்கிளை போன்ற கருங்கோடுகளாக நெகட்டிவில் தெரியும். பயன்படுத்தாத பகுதிகளைக் கருப்புப் பையில் இட்டு, டப்பாவில் மூடி, விளிம்பைச் சுற்றி டேப் ஒட்டிக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். வெளியே எடுத்தால் அறை வெப்பத்துக்கு வரும்வரை திறக்க வேண்டாம். குளிர்ந்த பிலிமில் ஈரம் படியும்.

லோடர் இல்லாமலும் செய்யலாம். இருட்டறைச் சுவரில் 1.6 மீட்டர் இடைவெளியில் இரண்டு ஆணி அடித்து, ஒன்றில் பிலிம் முனையை மாட்டி, மற்றொன்று வரை நீட்டி வெட்டிவிடலாம். நான் இப்போதெல்லாம் அப்படித்தான் செய்கிறேன். லோடரின் வாயில் அமர்ந்த ஒரே ஒரு தூசி, முழு ரோலுக்கும் நேர்க்கோடு இழுத்துவிடும்.

இந்த இழையைப் படித்துவிட்டு வேறு சினிமா பிலிம்களைத் தேடப்போகிறவர்களுக்கும் ஒரு சொல். ஜெர்மனியின் வோல்ஃபன் நகரத்து ஆர்வோ தயாரிப்புகளான யு.என். 54, என். 75 ஆகியவை கேமரா நெகட்டிவ்கள். முன்னது 100, பின்னது 400 வேகம். அவற்றையும் இதே வழியில் பயன்படுத்தலாம். ஆனால் பிரிண்ட் பிலிம், நகல் பிலிம், ஒலிப்பதிவு பிலிம் என்று வருபவை வேறு இனம். கோடாக் 2302 பிரிண்ட் பிலிம் நீல ஒளியை மட்டுமே உணரும், வேகம் மிகமிகக் குறைவு, கான்ட்ராஸ்ட் மிக அதிகம். அதைவிட முக்கியமாக, அது பாலியெஸ்டர் அடிப்படலம் கொண்டது. அசிடேட் பிலிம் சிக்கினால் பிலிம் கிழியும். பாலியெஸ்டர் கிழியாது, கேமராவின் பல்லும் சக்கரமும்தான் உடையும். நிறமற்ற பாலியெஸ்டர், கண்ணாடிக் குழாய் போல ஒளியை முனையிலிருந்து உள்ளே கடத்தவும் செய்யும்; மங்கலான வெளிச்சத்தில்தான் கேமராவில் ஏற்ற வேண்டும்.

எவரேனும் 1950-களின் தொடக்கத்துக்கு முற்பட்ட பழைய டப்பாவைக் கொடுத்தால், ஓரத்தில் நைட்ரேட் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சுருளை அவிழ்க்காதீர்கள், வீட்டில் வைக்காதீர்கள், ஆவணக்காப்பகத்தையோ தீயணைப்புத் துறையையோ கேட்டு ஒப்படையுங்கள். நைட்ரேட் எரியத் தொடங்கினால் தண்ணீருக்குள்ளும் எரியும். அதற்குத் தேவையான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது.

புதுச்சுருள் எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், பொறுத்தருள்க. சொன்னபடியே செய்தேன்.

400 அடியை நான்காகப் பிரிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. முதல் ரோலில் ஒரே காட்சி: வெயில் விழும் சன்னல், கொடியில் வெள்ளை வேட்டி, அதன் பின்னால் நிழலில் ஒரு மரப்பெட்டி. மூன்றாக வெட்டி 8, 10, 12 நிமிடங்கள் கழுவினேன். முதல் துண்டை டேங்கிலிருந்து எடுத்தவுடன் சாம்பல் ஓரத்தைப் பார்த்து நெஞ்சு பதறியது. வெள்ளியுப்பு அவர்கள் எச்சரித்திராவிட்டால் நிச்சயமாக மறுபடியும் ஃபிக்சரில் போட்டிருப்பேன்.

பிரிண்ட் போட்டதில், ஓரம் முழுக்கருப்பாக, நான் பழகிய 9 நொடிக்குப் பதில் 14 நொடி தேவைப்பட்டது. 12 நிமிட நெகட்டிவில் வேட்டி வெறும் தாள். 10 நிமிடத்தில் மடிப்புகள் மட்டும் தெரிந்தன, இழை இல்லை. 8 நிமிடத்தில் கரையும் இழையும் தெரிந்தன. மரப்பெட்டியின் பூட்டும் நிழலில் தெரிந்தது. மந்தமாக வரும் என்று அஞ்சியவன், கான்ட்ராஸ்ட் கூடிவிட்டது என்ற சிக்கலில் நிற்கிறேன்! இருட்டறைவாசி ஐயா சொன்ன 10 நிமிடம் நடுவில் அமரும் என்று எதிர்பார்த்தேன். எனக்கு 8-க்கும் கீழேதான் சரியான நேரம் இருக்கும் போலிருக்கிறது. நான் எங்கேனும் தவறு செய்கிறேனா?

இருட்டறைவாசி எழுதியது:

தவறு ஏதுமில்லை. உங்கள் என்லார்ஜரின் தலைப்பகுதியில் விளக்குக்கும் நெகட்டிவுக்கும் இடையில் தடித்த கண்ணாடி வில்லைகள் இருக்கின்றனவா, பால்கண்ணாடி போன்ற தகடு இருக்கிறதா என்று பாருங்கள். வில்லைகள் இருந்தால் அது கண்டென்சர் வகை. நேராக வரும் ஒளியை நெகட்டிவின் அடர்ந்த பகுதியில் உள்ள வெள்ளித்துகள்கள் சிதறடித்துவிடுவதால், அதே நெகட்டிவ் அதில் ஏறக்குறைய ஒரு கிரேடு கூடுதல் கான்ட்ராஸ்டுடன் தாளில் விழும். என்னுடையது பால்கண்ணாடித் தகட்டால் ஒளியைப் பரவலாக்கும் வகை. என் 10 நிமிடம் அதற்கு உரியது. உங்களுக்கு ஏழரை நிமிடம் முயன்று பாருங்கள். அதற்கும் கீழே போக வேண்டாம். நேரம் மிகக் குறைந்தால் டெவலப்பர் ஊற்றும்போதே ஏற்படும் சிறு தாமதமும் சீரற்ற கறையாகத் தெரியும். அதற்குப் பிறகும் கூடுதலாகத் தெரிந்தால் டெவலப்பரில் தண்ணீர் விகிதத்தைக் கூட்டி நேரத்தை நீட்டுங்கள்.

புதுச்சுருள் எழுதியது:

வில்லைகள்தான் இருக்கின்றன, ஐயா. நேற்று ஏழரை நிமிடத்தில் இரண்டாவது ரோலைக் கழுவினேன். இம்முறை காட்சிச் சோதனை இல்லை. பாட்டி வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்ததை எடுத்தேன். நரைமுடியும் வெள்ளைச் சேலையும் வெயிலில் இருந்தும் இரண்டும் தனித்தனியாகத் தெரிகின்றன. கன்னத்தின் நிழலில் துகள் மெலிதாக நிற்கிறது. ஓரத்தில் சட்ட எண்கள் இல்லாமல், ஓர் அடிக்கு ஒருமுறை சினிமாவின் நீள எண் மட்டும் வருகிறது. எட்டுச் சட்டத்துக்கு ஒன்று என்று துளைக்கணக்கு அவர்கள் போட்ட கணக்கு அச்சுப்பிசகாமல் பொருந்துகிறது. நெகட்டிவ் உறையில் எழுத எனக்கு இனி அந்த எண்ணே போதும். மாமாவுக்கு ஒரு பிரிண்ட் போட்டு அனுப்புகிறேன். மீதி மூன்று சுருள்களும் டேப் ஒட்டிக் குளிரில் இருக்கின்றன.